பதினொன்றாம் எண் அனுமதி கேட்கிறது

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

எங்கள் கட்டடத்துப் பிள்ளை குண்டூசி லிஃப்டுக்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் இருட்டில் கிடந்ததற்கு நீங்கள்தான் காரணம். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை மரியாதையாக எழுத முடியும் என்பதால் எழுதிவிட்டேன். மற்றபடி இங்கே நானும் என் மனைவியும் நலம். மகளும் நலம் என்று எழுத ஆசைதான். அவள் மூன்று நாளாக என்னோடு பேசாததால், அவள் நலத்தை அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அங்கே தாங்களும் அக்காவும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து போனாள். எதற்கு வந்தாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், எழுத மறந்துவிட்டால் உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது.

நாலு மாதத்துக்கு முன்னால் நீங்கள் டிவியில் வந்தீர்கள். பிள்ளைகள் பார்க்கக் கூடாததையெல்லாம் இணையம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அரசாங்கம் ஒரே இடத்தில் வடிகட்டிவிட வேண்டுமா, இல்லை அவரவர் வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம். உங்கள் துறையின் சார்பில் நீங்கள் சொன்னீர்கள்: "மையத்தில் வைக்கும் வடிகட்டிக்கு எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளை. தன் பிள்ளையைத் தெரிந்த பெற்றோரைவிடச் சிறந்த வடிகட்டி கிடையாது." நாங்கள் வீட்டில் கைதட்டினோம். "உங்க அத்தானுக்கு அந்த நீலச் சட்டை எடுப்பா இருக்கு" என்றாள் என் மனைவி. பத்து நாளில், பிள்ளையின் போனைப் பெற்றோரே பூட்டித் திறக்கத் துறையின் செயலி வந்தது. கூடவே அறுபத்து நாலு பக்கத்தில் பெற்றோர் கையேடு வந்தது. நான் நாற்பதாம் பக்கம் வரை படித்தேன். எங்கள் கட்டடத்தில் அவ்வளவு தூரம் போனவன் நான் ஒருவன்தான், என் அழிவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நீங்கள் சொன்னதில் தப்பில்லை அத்தான். பெற்றோர் வீட்டில் இருந்தால். எங்கள் கட்டடம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, கடைசியாக வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை என்று தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். ஐந்து மாடி. ஒரு வீட்டில் பஸ் டிரைவர், ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் ரொட்டி அடுமனைக்காரர், மேல்மாடியில் ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்கள். நான் ஊர் முழுக்க அடுத்தவர்களின் லிஃப்டை ரிப்பேர் செய்கிறேன், என் மனைவி மருந்துக் கடை கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்கிறாள், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஒன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது கட்டடத்தில் பெரியவர் என்று ஒருவர் கிடையாது. தன் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, முதலில் உட்கார வேண்டும். உட்காரும் வேலை எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. உங்கள் கையேட்டின் அட்டையில் ஒரு அப்பாவும் அம்மாவும் மகளும் சோபாவில் சாய்ந்து ஒரே போனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, மத்தியானம் மூன்று மணிக்குச் சோபாவில் சாய்ந்திருக்கும் அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று பஸ் டிரைவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நாங்களும் விண்ணப்பம் போடுகிறோம்.

ஆகவே ஒரு சாயங்காலம் எல்லோரும் மாடிப்படியில் கூடினார்கள். நான் என்னவோ லிஃப்டுக்குப் புது மோட்டார் விஷயம் என்று நினைத்துப் போனேன். படியில் பத்தொன்பது போன் வரிசையாக இருந்தது.

"நீங்களே பார்த்துக்கோங்க தம்பி" என்றார் பஸ் டிரைவர்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணே. நான் லிஃப்ட் மெக்கானிக்."

"அதுலயும் பொத்தான், இதுலயும் பொத்தான். அப்புறம் என்ன."

நர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு டியூட்டியில போனே எடுக்க முடியாது தம்பி. ஏதாவது ஒண்ணு வந்து நான் பார்க்காம விட்டுட்டா? நீங்கன்னா பயம் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். உங்கள் செயலியில் 'குடும்பத் தலைவர்' என்று ஒருவரைப் பதிய வேண்டும். அவருக்கு இருபது பிள்ளைகள் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். எந்தக் குடும்பத்தை மனதில் வைத்து அந்த எண்ணைப் போட்டீர்களோ, எங்கள் கட்டடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரசாங்கப் பதிவில் நான் பத்தொன்பது பிள்ளைகளின் தகப்பன். என் மனைவி சாதத்தைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டாள்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். "எங்க பிள்ளை பேரு அதுல ஏற வேணாம், நாளைக்கு எவன் கையில போகுமோ" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் பெயருக்குப் பதில் எண் போட்டேன். போன்கள் படியில் இருந்த வரிசைப்படி ஒன்று முதல் பத்தொன்பது. எந்த எண் எந்தப் பிள்ளை என்பதைச் சட்டைப் பையில் இருந்த ஒரு தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். அந்தத் தாளின் முன்பக்கம் ஒரு வங்கிக் கட்டடத்து லிஃப்டின் பரிசோதனை அறிக்கை. மறுநாள் காலை வழக்கம்போல அதை ஆபீசில் கொடுத்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடிப் போய்க் கேட்டபோது, "முன்பக்கத்தை ஸ்கேன் பண்ணிட்டோம், தாளைக் கிழிச்சாச்சு, பின்பக்கத்துல என்ன இருந்துது" என்றார் குமாஸ்தா. "என் பிள்ளைகள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரும்பவும் எல்லோரையும் கூட்டி, தாளைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். சொல்லவில்லை.

செயலி எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் டிவியில் சொன்னீர்கள், செய்து பார்த்திருப்பீர்களா என்பது சந்தேகம். பிள்ளை ஒன்றைத் தேட வேண்டும் என்று தட்டினால், அது முதலில் என் போனுக்கு வந்து நிற்கும். பச்சைப் பொத்தான் அனுமதி. சிவப்புப் பொத்தான் மறுப்பு. 'பதில் சொல்' என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் கிடையாது. நான் வேலை செய்வது லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள். அங்கே சிக்னல் கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் சட்டைப் பையில் தவளை மாட்டிக்கொண்ட மாதிரி போன் துடிக்கும். மூன்றாம் எண், தவளைக்கு எத்தனை இதயம். பதினாறாம் எண், விழுந்த பல் திரும்ப முளைக்காவிட்டால் என்ன செய்வது. எட்டாம் எண், நாய்க்கு எத்தனை வரை எண்ணத் தெரியும். பதினான்காம் எண், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது எப்படி. முதல் வாரம் சிரித்தேன். இரண்டாவது வாரம் ஏழாம் எண் கேட்டது: அம்மா அழுவதை நிறுத்துவது எப்படி.

பச்சையை அழுத்தினேன். வேறென்ன செய்ய முடியும். அதற்குப் பிறகு மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் எதிரில் வரும் ஒவ்வொரு அம்மாவின் முகத்தையும் பார்ப்பேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை என் மனைவியோ என்று ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன வேணும்" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அத்தான், ஒரு மனிதன் ஒரு வீட்டுப் பயத்தைச் சுமக்கலாம். பன்னிரண்டு வீட்டுப் பயத்தையும், எது எந்த வீட்டினுடையது என்று தெரியாமல், கிணற்றுக்குள் ஸ்பானரோடு தொங்கிக்கொண்டு சுமக்கக் கூடாது. மையத்தில் வடிகட்டி வேண்டாம் என்றீர்கள். மையம் என் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா. நான்தான் படிக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கே எழுத ஆரம்பித்தார்கள். லிஃப்ட் மாமாவின் எடை எத்தனை கிலோ. லிஃப்ட் மாமா ஏன் மூக்கில் விரல் விடுகிறார். லிஃப்ட் மாமாவை ரிப்பேர் செய்வது எப்படி. இந்த மாதிரி தினமும் ஏழெட்டு வரும். நான் சிவப்பை அழுத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். நாளாக ஆக, லிஃப்ட் என்ற வார்த்தையைக் கண்டாலே விரல் தானாகச் சிவப்புக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை. ஒரு ஓட்டலின் லிஃப்ட் கிணற்றிலிருந்து இரண்டு இருபதுக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். போனில் இரண்டு கேள்வி. பதினொன்றாம் எண்: லிஃப்டில் காற்று எவ்வளவு நேரம் இருக்கும். நாலாம் எண்: லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறப்பது எப்படி. இன்றைக்குக் கேலி இந்த வழியில் போகிறது என்று நினைத்தேன். சிவப்பு, சிவப்பு. தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே இறங்கினேன்.

மறுபடி வெளியே வந்தபோது மூன்று இருபத்தைந்து. முப்பத்தொரு கேள்விகள். ஒன்று முதல் பத்தொன்பது வரை முக்கால்வாசி எண்கள் லிஃப்டைப் பற்றிக் கேட்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணம் பதினொன்றாம் எண்ணின் கேள்விகளை நேரத்தோடு வரிசையாகப் படித்துவிட்டேன். இரண்டு முப்பத்தொன்று, மூச்சை மெதுவாக விடுவது எப்படி. இரண்டு நாற்பத்து நாலு, இருட்டில் தூங்கினால் திரும்ப எழுந்திருக்க முடியுமா. மூன்று மணி இரண்டு நிமிடம், லிஃப்ட் மாமா மறுக்காமல் இருக்க எப்படிக் கேட்க வேண்டும்.

ஓட்டல் வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லிஃப்ட் பெட்டிக்குள் காற்று தீராது அத்தான். மேலும் கீழும் இடுக்கு உண்டு, எவ்வளவு நேரம் இருந்தாலும் தீராது. பதின்மூன்று வருடமாக இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த நூறு பேரில் நான் ஒருவன். அந்தக் கேள்வி நேராக என்னிடமே வந்தது. நான் சிவப்பை அழுத்தினேன்.

அது பாதிதான். நாலாம் எண்ணின் கடைசிக் கேள்வி மூன்று பத்தொன்பதுக்கு வந்திருந்தது: மூன்று மூலைச் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவிக்கு மூன்று மூலை என்பது எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். எங்கள் கட்டடத்தில் அந்தச் சாவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, என் வீட்டு ஷூ அலமாரியில், பழைய டூல் பையில். அந்த நிமிடத்தில்தான் நாலாம் எண் யார் என்று எனக்குத் தெரிந்தது. என் மகள். பதின்மூன்று வயது.

நான் வீட்டில் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். பெட்டி வேறொரு மாடியில் நிற்கும்போது கதவைத் திறந்தவர்களைத் தூக்கி வெளியே எடுக்க இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். எல்லோருமே உள்ளே மாட்டிக்கொண்ட யாரையோ காப்பாற்றப் போனவர்கள். கதவு திறக்கும், உள்ளே இருட்டு, தரை இருக்கும் என்று நினைத்துக் கால் வைப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத மாட்டேன். நாலாம் எண்ணுக்குச் சிவப்பை அழுத்தினேன். மகளைக் கூப்பிட்டேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. நர்ஸ் அக்கா எடுக்கவில்லை. என் மனைவியின் போன் லாக்கரில். பஸ் டிரைவர் எடுத்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு எங்க?"

"வீட்டுலதான். செயலியில பச்சைப் புள்ளி காட்டுதே. 'பாதுகாப்பாக உள்ளார்'னு போட்டிருக்கு. ஏன் தம்பி?"

நான் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்கு மட்டும் பத்தொன்பது பச்சைப் புள்ளி. பத்தொன்பது பேரும் பாதுகாப்பாக இருந்தார்கள். வண்டியை எடுத்தேன்.

பதினெட்டு நிமிடம். எந்தச் சிக்னலில் நின்றேன், எதில் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அபராதச் சீட்டு வந்தால் தெரியும். மாடிப்படியை எப்படி ஏறினேன் என்றும் தெரியாது. மூன்றாவது மாடியில் எட்டுப் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். லிஃப்ட் கதவுக்கு முன்னால் என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். போனின் டார்ச்சைக் கதவு இடுக்கில் சாய்த்து உள்ளே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் போனை எடுக்கவில்லை. மடியில் சாவி. கதவு மூடியே இருந்தது. பெட்டி மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றது, அதாவது அவள் அந்தக் கதவைத் திறந்திருந்தால் அவள் மார்பு உயரத்தில் பெட்டியின் தரை, அதற்குக் கீழே மூன்று மாடி ஆழம்.

அவள் என்னைப் பார்த்தாள். "மறுத்துட்டீங்க" என்றாள்.

மேலே மோட்டார் அறைக்கு ஓடினேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தேன். கதவைத் திறந்தால் குண்டூசி. நர்ஸ் அக்காவின் சின்னவள், ஒன்பது வயது, அந்த ஒல்லி உடம்புக்கு அந்தப் பெயரைப் பிள்ளைகள்தான் வைத்தார்கள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்துபோய் ஒரு மாதம் ஆகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று நாலு ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, புகார் மாதிரிகூட இல்லாமல், ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள்:

"நான் பெர்மிஷன் கேட்டேன் மாமா."

"தெரியும்மா."

"எட்டுத் தடவ கேட்டேன்."

இந்த இடத்தில் நீங்கள் சில கேள்விகள் கேட்பீர்கள், அதிகாரி அல்லவா. அவள் ஏன் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை? பன்னிரண்டு வயதுக்குக் கீழே செய்தி அனுப்பும் வசதி வேண்டாம் என்று மாடிப்படிக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி முடிவெடுத்தோம். லிஃப்டுக்குள் கட்டடத்து வைஃபை மட்டும்தான் வரும், போன் சிக்னல் வராது. என் மகள் ஏன் யாரையும் கூப்பிடவில்லை? கூப்பிட்டாள். அவள் போனில் நான் அனுமதித்த எண்கள் ஆறு. நான், அவள் அம்மா, பள்ளிக்கூடம், அக்கா, நீங்கள், பல் டாக்டர். என்னை ஒன்பது முறை, கிணற்றுக்குள். அம்மா, லாக்கருக்குள். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாளாம். உங்களை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள், நீங்கள் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். பல் டாக்டர் மட்டும் எடுத்தார். "லிஃப்டா? இது பல் ஆஸ்பத்திரிம்மா. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரியா" என்று கேட்டிருக்கிறார். அவசர எண்ணை எந்தப் பூட்டும் தடுக்காது என்று கையேட்டின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். பிறகு பார்த்தேன். நான்தான் நாற்பதோடு நிறுத்தியவனாயிற்றே. தெருவில் யாரும் இல்லையா? டிரைவரின் மகள் ஓடிப் போய் முனைக் கடைக்காரரை அழைத்து வந்திருக்கிறாள். அவர் வந்து லிஃப்ட் பொத்தானை நாலு முறை அழுத்திப் பார்த்து, "கரண்ட் போயிருக்கும், வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டார். நீங்கள் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், நல்ல தமிழில்.

லிஃப்டுக்குள் அவசர மணி என்று ஒன்று இருக்குமே, அதை ஏன் அடிக்கவில்லை?

அடித்தாள். ஒரு மணி நேரம் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். சத்தம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பிள்ளைகள் விளையாட்டுக்கு அந்த மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். "லீவு நாள்ல ஒரு மனுசன் தூங்கக் கூடாதா" என்று டிரைவர் சத்தம் போட்டார். எந்தப் பிள்ளை அடிக்கிறது என்று கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் இல்லை. கூடிப் பேசினோம். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு வயரைக் கழற்றி டேப் சுற்றினேன். அஞ்சு நிமிட வேலை. எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் படியில் திரும்பவும் கூட்டம். "இதுக்குத்தான் அரசாங்கமே பார்த்துக்கட்டும்னேன்" என்றார் அடுமனைக்காரர். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. "அரசாங்கம் வந்து லிஃப்டைத் திறந்திருக்குமா" என்றாள் மேல்மாடிப் பெண் ஒருத்தி. "அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்க பார்க்கணும்" என்றார் டிரைவர். "எப்போ பார்க்கணும், நேரம் சொல்லுங்க, நான் ஷிப்ட் மாத்திக்கிறேன்" என்றாள் அவள். நான் எழுந்து, எண் எழுதிய தாளைத் தொலைத்ததையும் சிவப்பை அழுத்தியதையும் சொன்னேன். நர்ஸ் அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குண்டூசியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பார்த்திருந்தாலும் மறுத்திருப்பேன் தம்பி. விளையாடுறான்னுதான் நினைச்சிருப்பேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் என்னோடு கடைசியாகப் பேசியது அன்றைக்குத்தான். சாவியைத் திரும்ப வாங்கப் போனேன்.

"பாதி திருப்பிட்டேன்" என்றாள். "அப்பதான் மறுப்புன்னு வந்துது."

"அதனால நிறுத்திட்டியா?"

"கோவத்துல நிறுத்தினேன். நீங்க போனப் பார்க்கிறீங்க, சிவப்ப அழுத்துறீங்க, கூப்பிட்டா எடுக்கல. சரி, அப்பாவுக்கு நாங்க வேணாம் போலன்னு நினைச்சேன். சாவிய எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன்."

அத்தான், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. உள்ளே இருந்தவளுக்கு நான் அழுத்திய சிவப்பு அவளை இருட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம் தனியாக வைத்தது. வெளியே இருந்தவளுக்கு நான் அழுத்திய அதே சிவப்பு அவளை உயிரோடு வைத்தது. ஒரே விரல். இரண்டு இருபதுக்கு இரண்டையும் நான் ஒரே அளவு அறியாமையோடுதான் அழுத்தினேன். முதல் முறை அவள் 'எப்படித் திறப்பது' என்று கேட்டபோது நான் பச்சையை அழுத்தியிருந்தால் அவள் படித்துத் தெரிந்துகொண்டு திறந்திருப்பாள். தெரிந்துகொண்டு திறக்காமலும் இருந்திருக்கலாம், பெட்டி எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கலாம். ராத்திரி படுத்தால் கதவு திறக்கிறது, இருட்டு, கால். எழுந்து போய் அவள் படுக்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் தூங்குகிற மாதிரி நடிக்கிறாள், நான் நம்புகிற மாதிரி நடிக்கிறேன்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான், அதை டிவியில் சொல்ல முடியாது. வடிகட்டியை அங்கே வைத்தாலும் இங்கே வைத்தாலும், பிள்ளை கேட்கும்போது எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை எங்களிடமிருந்து எட்டு மணி நேர வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள், பதிலுக்கு ஒரு பொத்தானைக் கொடுத்தீர்கள். இதை உங்கள் கையேட்டின் அறுபத்தைந்தாம் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் விளக்குப் போட்டேன். டேப்பைப் பிரித்து மணி வயரை மாட்டினேன். சாயங்காலம் பிள்ளைகள் பதினாலு முறை அடித்தார்கள். டிரைவருக்கு அன்று லீவு. ஒவ்வொரு முறையும் எழுந்து கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

செயலியையும் அழித்துவிட்டேன். இனிமேல் எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான், அவளும் பேசுவதில்லை. உங்கள் துறையின் பதிவில் எங்கள் கட்டடத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் மகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படி ஏறாதீர்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: மேலே செயலியை அழித்துவிட்டேன் என்று எழுதியது பொய். நேற்று எழுதும்போது, காலையில் எழுந்ததும் உண்மையாக்கிவிடலாம் என்று இருந்தேன். இன்று காலை ஏழு இருபதுக்கு அழிக்கப் போனால் திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. இருபதாம் எண். எனக்குப் பத்தொன்பதுதானே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தது இதற்குத்தான். உங்கள் மகளின் போனை என் கையில் வைத்து, "உங்க அத்தானுக்கு எங்க நேரம், எனக்கு அந்தக் கையேடு ஒண்ணும் புரியல, நீயே சேர்த்துக்கோ, அவர்கிட்ட சொல்லிடாத" என்றாள். சேர்த்துக்கொண்டேன். இந்த ஒரு எண் மட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

கேள்வி இது: வீட்டில் சொல்ல முடியாததை யாரிடம் சொல்லலாம்.

எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். "நல்லாத்தானே சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போனா" என்றாள். உங்களைக் கூப்பிட்டேன், ஐந்து முறை. வேலைக்குப் போகவில்லை, நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். ஏழாவது மாடியில் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார்கள். உங்கள் லிஃப்டில் அவசர மணி நன்றாக வேலை செய்கிறது, வரும்போது அடித்துப் பார்த்தேன், இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இந்தக் கடிதத்தை உள்ளே கொடுத்தனுப்புகிறேன். மணி பன்னிரண்டு ஐம்பது. ஒன்றரைக்குப் பள்ளி விடும். அவள் வீட்டுக்கு வரும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும். அனுமதியா மறுப்பா என்று உங்களைக் கேட்கவில்லை. எழுந்து வெளியே வாங்க, அத்தான்.

மணி ஒன்று ஐந்து. கடிதம் உள்ளே போய், "அப்புறம் பார்க்கிறேன்" என்று நீங்கள் சொன்னதாகப் பிரிக்காமலேயே திரும்பி வந்திருக்கிறது. உறையின் மேல் இதை எழுதி மறுபடி அனுப்புகிறேன். வெளியே வாங்க.